கீரைக்குக் குளிர்சாதனம்

சிங்கப்பூர் வீவக அடுக்குமாடியில் நள்ளிரவு தாண்டியும் ஓர் அறை மட்டும் ஊதா நிறத்தில் ஒளிர்கிறதா? போதைப்பொருள் சட்டம் இவ்வளவு கடுமையான ஊரில் எதிர் புளோக்காரருக்கு அடிவயிறு கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். உள்ளே வளர்வது சாய் சிம். வளர்ப்பவர் கீரை அண்ணன்.

இந்த ரகத்தினர் பலரும் 2020இல் உருவானவர்கள். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த ஆண்டு, தேசியப் பூங்காக் கழகம் கேட்ட வீடுகளுக்கெல்லாம் இலவச விதைப் பொட்டலம் அனுப்பியது. பலர் அதை இழுப்பறையில் போட்டு மறந்தார்கள். அண்ணன் மறக்கவில்லை. நாட்டின் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி என்பதைத் தன் மேல் வந்த புகாராகவே எடுத்துக்கொண்டார். 2030க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்ற இலக்கில் தன் பங்கு எத்தனை கிலோ என்று கணக்கும் போட்டார். 2025 நவம்பரில் அரசாங்கமே அந்த இலக்கை மாற்றி 2035க்கு வேறு வைத்துவிட்டது. அண்ணன் இன்னும் பழைய கணக்கில்தான் இருக்கிறார்.

ஆரம்பம் எளிமையானது. மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டை, ஓட்டையில் வலைக் கிண்ணம். ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி சொன்ன முறை அது. சத்து கலந்த தண்ணீரை ஒருதரம் ஊற்றிவிட்டால் போதும். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தண்ணீர் இறங்க இறங்க மேல் வேர்கள் காற்றை எடுத்துக்கொள்ளும். மனிதன் செய்ய வேண்டியது சும்மா இருப்பது. அண்ணனுக்கு அது ஒன்றுதான் வராது. இரண்டாம் மாதமே குழாய்கள் வந்தன, பம்பு வந்தது, சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு பிஎச் மீட்டர் வந்து உட்கார்ந்தது.

அந்த மீட்டர்தான் ஆபத்து. தொட்டித் தண்ணீர் 5.5க்கும் 6.5க்கும் நடுவில் இருக்க வேண்டும், அதற்காக வாங்கியது. ஆனால் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் ரசக் கிண்ணத்தில் அதை முக்கி, "நாலு புள்ளி ரெண்டு. கைலான் தாங்காது தம்பி" என்றார். கைலானுக்கு ரசம் ஊற்றும் உத்தேசம் யாருக்கும் இல்லை.

உரம் ஏ, பி என்று இரண்டு போத்தல். இவை சம்பந்தி வீட்டார் மாதிரி. தனித்தனியே நிறையத் தண்ணீரில் கலந்தால் சுமுகமாகப் போகும். நேருக்கு நேர் ஒன்றாக ஊற்றினால் ஒன்றில் இருக்கும் கால்சியமும் மற்றதில் இருக்கும் பாஸ்பேட்டும் சல்பேட்டும் முறைத்துக்கொண்டு அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு வேருக்கு எதுவும் கிடைக்காது. இதை அவர் மின்தூக்கியில் விளக்க ஆரம்பித்தால் நாம் இறங்கும் மாடி தானாகத் தாண்டிப் போகும்.

அடுத்த சிக்கல் வெயில். இந்த ஊர்ப் புழுக்கத்தில் தொட்டித் தண்ணீர் சூடாகிறது. சூடான தண்ணீரில் உயிர்வளி குறைகிறது. வேர் பழுப்பாகிக் கொழகொழக்கிறது. அண்ணன் முதலில் பனிக்கட்டிப் போத்தல்களை மிதக்கவிட்டார். போதவில்லை. கடைசியில் குளிர்சாதனம் உள்ள ஒரே அறைக்குக் கீரை குடிபோனது. ஓ லெவல் தேர்வுக்குப் படிக்கும் மகன் கூடத்துக்கு வந்தான். இளம் இலைகளின் நுனி கருகியபோது, காற்றோட்டம் இல்லாததால் கால்சியம் நுனிவரை ஏறவில்லை என்று கண்டுபிடித்து, கூடத்து மின்விசிறியையும் எடுத்துக்கொண்டு போனார்.

இத்தனை ராஜபோகத்திலும் தழைத்து நிற்பது எது என்று பார்த்தால் கங்கோங். நம் ஊர்க் குளத்தோரம் யாரும் கேட்காமலே படர்ந்து கிடக்கும் வள்ளைக்கீரைதான் அது.

அண்ணி தேக்கா சந்தைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கிக்கொள்கிறார். "தண்ணியில வளந்தது தண்ணியாத்தான் இருக்கு. பருப்புல போட்டா பருப்பும் போச்சு." ஆகவே அறுவடை அக்கம்பக்கத்துக்குப் போகிறது, கூடவே அண்ணனும் போகிறார். பையைக் கொடுத்துவிட்டு மறுநாள் வந்து, காம்பு மொறுமொறுப்பாக இருந்ததா என்று கேட்பார். இதிலிருந்து தப்பியவர் ஒருவர்தான். டெங்கிக் கொசுவுக்காக டார்ச்சோடு வந்த அதிகாரி தொட்டிகளைத் திறந்து பார்த்தார், ஒரு முட்டைப்புழுவும் இல்லை. மகிழ்ந்துபோன அண்ணன் ஒரு கட்டு பாய் சாயை நீட்டினார். அன்பளிப்பு வாங்கக்கூடாது என்ற விதி அந்த மனிதரைக் காப்பாற்றியது.

போன மாதம் திருச்சியில் அண்ணியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். அண்ணன் சாவியை எதிர்வீட்டுச் சீன அங்கிளிடம் கொடுத்துவிட்டு, மண்டபத்தில் உட்கார்ந்து நாளுக்கு மூன்று தரம் வீடியோவில் வேரைக் காட்டச் சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் அங்கிள் கூப்பிட்டார். சாய் சிம் பூத்துவிட்டதாம். கெட்டிமேளத்துக்கு மேலே குரல் உயர்த்தி, "வெப்பநிலை எவ்வளவு? விளக்கு எத்தனை மணிநேரம் எரிகிறது?" என்று பதறினார் அண்ணன். அங்கிளுக்கு ஏன் பதற்றம் என்று விளங்கவில்லை. சாய் சிம்மைப் பூவோடு பறித்துத்தானே சாப்பிடுவார்கள்? பூண்டு போட்டு வதக்கி முந்தின நாளே சாப்பிட்டாயிற்றாம். ருசி பிரமாதமாம். அடுத்த தொட்டியில் கை வைக்கலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம்.