எது நல்லதுன்னு கேக்கக் கூடாதாமே!

ஆபீசர் தம்பி, போன வாரக் கூட்டத்துல நீங்க போட்ட உத்தரவு ஊருக்கே ரொம்பப் புடிச்சுப்போச்சு. "தொழில்நுட்பச் சந்தேகம் இருந்தா கேளுங்க. எது நல்ல ரகம், எது நல்ல மருந்துன்னு அபிப்பிராயம் மட்டும் கேக்காதீங்க"ன்னீங்க. டீ வந்துச்சு, குடிச்சாங்க, பின்வரிசை மொத்தமும் எந்திரிச்சுப் போயிருச்சு. சண்டை சச்சரவு இல்லாம இவ்வளவு வெரசா ஒரு விவசாயிகள் கூட்டம் முடிஞ்சு நான் பாத்ததே இல்ல. கேள்வியே இல்லேன்னா பதில் தப்பாப் போக வழியே இல்ல பாருங்க. நல்ல ஏற்பாடு.

உங்க பக்கம் நியாயம் இல்லாம இல்ல. உங்களுக்கு முன்னாடி இருந்தவரு பட்ட பாட்டை நாங்களும் பாத்தோம். ஒருத்தன் எந்திரிச்சு "குறுவைக்கு எது சார் நல்லது?"ன்னான். மனுஷன் வெள்ளந்தியா "கோ 51 போடலாம்"னு சொல்லிட்டாரு. அவ்வளவுதான், ஏடிடி 43 கட்சி ஒரு மூலையில கெளம்பிருச்சு, ஏஎஸ்டி 16 கட்சி இன்னொரு மூலையில. மூணும் ஏறக்குறைய 110 நாள் பயிருதான். ஆனா அன்னிக்குப் போட்ட கூச்சலைக் கேட்டவன் அங்க பாகப்பிரிவினை நடக்குதுன்னு நெனைச்சிருப்பான். அறுப்பு முடிஞ்சதும் மகசூல் கொறைஞ்சவன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு, "நீங்க சொல்லித்தானே போட்டேன்"னான். மகசூல் ஏறினவன் அந்தப் பக்கமே வரல. அவனுக்கு விளைஞ்சது சொந்த மூளையிலயாம்.

சரி, நீங்க அனுமதிச்சிருக்கற கேள்வியைப் பாப்போம். அதுக்கெல்லாம் பதில் எங்க இருக்கு தெரியுமா? விதை மூட்டையில நீலச் சீட்டு ஒண்ணு தைச்சிருக்கே, சான்று விதைச் சீட்டு, அதுல இருக்கு. ரகத்துப் பேரு, குவியல் எண், சோதிச்ச தேதி. முளைப்பு 80 சதவீதத்துக்குக் கொறையக் கூடாது, ஈரப்பதம் 13-க்கு மேல போகக் கூடாதுன்னு அதுக்குச் சட்டமே இருக்கு. என் பேத்தி ஏழாங் கிளாஸு, கடகடன்னு வாசிச்சுருவா. அதை எனக்குச் சொல்றதுக்கு நீங்க நாலு வருஷம் அக்ரி படிச்சு, பைக்குக்குப் பெட்ரோல் போட்டு, இந்தச் சேத்து ரோட்டுல வரணுமா? இத்தனை ஊரு வயலை மிதிச்சிருக்கீங்களே, அந்த மிதிச்ச காலுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும்ல, அது எந்தச் சீட்டுலயும் அச்சாகல. அதைத் தேடித்தான் வர்றோம். நீங்க என்னடான்னா அதை மட்டும் பூட்டி வச்சுட்டு, சீட்டை வாசிச்சுக் காட்டறீங்க.

நான் அரை டிராயர் போட்ட காலத்துல, அறுபதுகளோட நடுவுல, ஏடிடி 27 வந்துச்சு. ஆடுதுறைப் பண்ணையில ஜப்பான் நெல்லையும் நம்ம ஜிஇபி 24-ஐயும் ஒட்டுச் சேத்துக் கொண்டாந்தது. திருச்சி ரேடியோ அதைப் பத்தி ஓயாம சொல்லிச்சு. நம்ம ஆளுங்க வாயில நம்பர் நொழையல, 'ரேடியோ நெல்லு'ன்னு பேரு வச்சுட்டாங்க. தஞ்சாவூர் ஜில்லா பூரா அதான் பேரு. நாத்துக்கு எத்தனை நாள், உரம் எவ்வளவு, எல்லாத்தையும் அந்தப் பெட்டி பிசகாம சொல்லும். ஆனா "எங்க கடைமடைக்கு ஒத்து வருமா?"ன்னு பெட்டியைத் திருப்பிக் கேக்க முடியுமா? எங்கப்பா ரேடியோவை அணைச்சுட்டு, முந்தின வருஷமே அதைப் போட்டிருந்த சம்பந்தி வீட்டுக்கு நடையக் கட்டுவாரு. அங்க கேட்டது பூரா நீங்க தடை பண்ணின கேள்விதான் தம்பி. வைக்கோலை மாடு திங்குதா, சோறு மறுநாளைக்குத் தாங்குதா, நெல்லைக் கையில எடுத்ததும் வியாபாரி மூஞ்சியைச் சுளிக்கறானா. ரேடியோ சொன்னதைக் கேட்டு யாரும் விதை வாங்கல. ரேடியோ சொன்னதுக்கு சம்பந்தி தலையாட்டினாத்தான் வாங்கினாங்க.

இன்னொண்ணு. நீங்க வாயை மூடிக்கிட்டா கேள்வி செத்துப்போயிருமா? நேரா கடைத்தெருவுக்கு நடந்து போயிரும். உரக்கடைக்காரரு எந்த அபிப்பிராயத்துக்கும் தடை போட்டதில்ல. "இலை சுருண்டிருக்கு, எது நல்..." வாயில வார்த்தை பாதி இருக்கையில பாட்டில் மேசைக்கு வந்துரும். ஒண்ணு போதாதுன்னு "இதையும் சேத்து அடிங்க, பயிரு கருகருன்னு வரும்"னு டானிக் ஒண்ணு. அவரு அபிப்பிராயத்துக்கு பில்லும் உண்டு. அறுப்புக்கு அப்பறம் குடுங்கன்னு பெருந்தன்மையா சொல்லவும் செய்வாரு. சம்பளம் வாங்கிக்கிட்டு சும்மா அபிப்பிராயம் சொல்லக்கூடிய ஆளு இந்தப் பிர்க்காவுல நீங்க ஒருத்தர்தான். அவரும் மௌன விரதம்.

அபிப்பிராயத்தை அளக்க முடியாதேன்னு சொன்னீங்க. உங்க பையிலயே ஒரு அட்டை வச்சிருக்கீங்க, எடுத்துப் பாருங்க. இலை வண்ண அட்டை. "பயிருக்குப் பச்சை பத்துமா?" இது ஒரு காலத்துல சுத்தமான அபிப்பிராயக் கேள்வி. வெளுத்திருக்குன்னு அண்ணங்காரன் சொல்வான், அதெல்லாம் பத்தும்னு தம்பிக்காரன் சொல்வான், யூரியா மூட்டை வரப்புல கெடக்கும். எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் கேள்வியை வெரட்டாம உக்காந்து யோசிச்சிருக்கான். வெளிர் பச்சையிலேருந்து கரும்பச்சை வரைக்கும் கட்டம் கட்டமா ஒரு பிளாஸ்டிக்குல போட்டான். மேல முழுசா விரிஞ்ச இலையா பத்து எடுத்துக்க. வெயிலுக்கு முதுகைக் காட்டி உன் நெழல்ல வச்சுப் பாரு. ஒரே ஆளு, ஒரே நேரத்துல பாக்கணும். பத்துல ஆறு இலை 4-ஆம் நம்பருக்குக் கீழ இருந்தா யூரியா போடு. வெள்ளைப் பொன்னின்னா 3-க்குக் கீழ எறங்கினாத்தான், ஏன்னா அது தழைச்சத்தைக் கூடத் தின்னா சாஞ்சுரும். பாருங்க, அந்த அட்டையில கூட பொன்னிக்கு ஒரு நியாயம், மத்ததுக்கு ஒரு நியாயம்.

அதனால தடையை எடுத்துருங்க, அதுக்குப் பதிலா ஒரு சுங்கம் போடுங்க. "எது நல்லது?"ன்னு எந்திரிக்கறவன் முதல்ல தன் வயலைப் பத்திச் சொல்லணும். மேடா, பள்ளமா? தண்ணி எப்ப வந்து எப்ப நிக்கும்? விளையறது வீட்டுக்கா, கொள்முதல் நிலையத்துக்கா? சொல்லலேன்னா உக்காருன்னுருங்க. பாதிப் பேரு அங்கயே உக்காந்துருவான், ஏன்னா அவன் கேக்க வந்தது கேள்வியே இல்ல. நாத்து விட்டுட்டு வந்து ரகம் கேக்கறவன் இருக்கான். நீங்க வேற பேரு சொல்லிப் பாருங்க, மூஞ்சி எப்படித் தொங்குதுன்னு. பாரம்பரிய நெல்லா, ஒட்டு நெல்லான்னு எந்திரிக்கறவங்களை மட்டும் டீக்கடைக்கு அனுப்பிருங்க. அதுக்கு அங்கதான் பெஞ்சு போட்டிருக்கு.

சுங்கம் கட்டினவனுக்கு மட்டும் தயங்காம சொல்லுங்க. ஐப்பசி அடைமழையில முங்கற பள்ளக்காலா, சிஆர் 1009 சப் 1 போடு, ரெண்டு வாரம் முங்கினாலும் மீண்டு வரும், ஆனா அஞ்சு மாசத்துக்கு மேல வயல்ல நிக்கும், நெல்லு மோட்டா. சன்னம்தான் வேணுமா, பிபிடி 5204 போடு, விலை கெடைக்கும், குலைநோய்க்கு மருந்தடிக்கவும் காசு எடுத்து வை. இது ஆராய்ச்சியில அளந்தது, இது என் கண்ணுக்குப் பட்டது, இது எனக்குத் தெரியலன்னு மூணையும் பிரிச்சுச் சொல்லிட்டீங்கன்னா, அப்பறம் எவன் வந்து வாசல்ல நிப்பான்? நிப்பான், அது வேற விஷயம். நம்ம ஊருக்காரன் நின்னே தீருவான். ஆனா நீங்க என்ன சொன்னீங்கன்னு கேட்டிருந்தவங்களும் நாலு பேரு கூட நிப்போம்.

உத்தரவை வாபஸ் வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம், என் கேள்வியை மட்டும் கேட்டுக்குங்க. எனக்கு இருக்கறது ஆறு மா. அதுல ரெண்டு மா களர், உப்புப் பூத்துக் கெடக்கு. மேட்டூரைத் தெறக்கறது ஜூன் 12-ன்னு காலண்டர்ல போட்டிருக்கு, எங்க வாய்க்காலுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியல. களருக்குன்னே திருச்சியில வந்த டிஆர்ஒய் 3-ஐப் போடலாம்கறான் பெரியவன். பழகின நெல்லைப் போட்டு ஜிப்சத்தைக் கொட்டுங்கறா என் சம்சாரம். சாப்பாட்டுக்குப் பாதி, மீதி விக்க. இதுல எது நல்லது? சுங்கத்தை முழுசாக் கட்டிட்டேன். கூட்டத்துல சொல்லப் பயமா இருந்தா வேணாம், வண்டியை ஸ்டார்ட் பண்ணையில மொணமொணன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும்.