பேகம்பூர் ரசிகன்: ஏழு ஆட்டப் பருவத்தில் ஓர் உயிரினத்தின் நடத்தை குறித்த முன்னோடி ஆய்வு

தொழில்முறை அணியொன்றைப் பருவம் முழுக்கப் பின்தொடரும் ரசிகனைப் பற்றி உலகில் எழுதிக் குவிக்கப்பட்டிருப்பதில் கணிசமான பங்கு அமெரிக்க பேஸ்பால் ரசிகனைப் பற்றியது. அவனுக்கு வேலை அதிகம் என்பதே காரணம். மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்துக்கு 162 லீக் ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் செப்டம்பர் கடைசி வரை அநேகமாக தினமும் ஆட்டம்தான். இன்றைக்குத் தோற்றால் நாளைக்கு ஒன்று இருக்கிறது.

பேகம்பூர் ரசிகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவனுடைய திண்டுக்கல் டிராகன்ஸ், தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடுவது ஏழே ஏழு லீக் ஆட்டம். எட்டு அணிகள், ஒவ்வொன்றோடும் ஒரு தடவை, அவ்வளவுதான். 162ஐ 7ஆல் வகுத்தால் 23 சொச்சம் வரும். ஆகவே திண்டுக்கல் ஓர் ஆட்டம் தோற்பது, சிகாகோ பேஸ்பால் அணி 23 ஆட்டம் வரிசையாகத் தோற்பதற்குச் சமம். இதுவே இவ்வாய்வின் அடிப்படைக் கருதுகோள். ஆட்சேபணை உள்ள அறிஞர்கள், டிராகன்ஸ் தோற்ற மறுநாள் காலை பேகம்பூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைத் தெரிவிக்கலாம். வந்த வழியே திரும்பிப் போவதற்கு இவ்வாய்வாளர் பொறுப்பல்ல.

முதலில் களம். பேகம்பூர் என்பது திண்டுக்கல் நகரின் தென்பகுதி. ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் சமாதி இங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயரும் அந்த அம்மையாரிடமிருந்து வந்ததுதான். 1755இல் திண்டுக்கல்லுக்கு ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிறகு மைசூரையே கையில் எடுத்துக்கொண்டார். பூட்டு, தோல் ஷாப், பிரியாணி ஆகிய மூன்றும் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. இவற்றில் எதிலும் டிராகன் கிடையாது. மலைக்கோட்டையிலும் இல்லை, சிறுமலையில் வாழைத்தார் வெட்டுகிறவர்கள் ஒருவரும் பார்த்ததாகவும் தகவல் இல்லை. ஆனாலும் 2016இல் லீக் பிறந்தபோது இந்தப் பெயர் வைக்கப்பட்டது; ஊரும் வாக்குவாதம் செய்யாமல் ஏற்றுக்கொண்டது. பெயரை ஆராய்ந்துகொண்டிருந்தால் ஓவர் போய்விடும் என்பது ரசிக மரபு.

அடுத்த சிக்கல், ‘சொந்த மைதானம்’ என்ற கருத்தாக்கம். திண்டுக்கல் டிராகன்ஸின் சொந்த மைதானம் திண்டுக்கல்லில் இல்லை. அது நத்தத்தில், என்.பி.ஆர். கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. பேகம்பூரிலிருந்து கிளம்பி, பஸ் ஸ்டாண்ட் போய், நத்தம் பஸ் பிடித்து, சாணார்பட்டி, கோபால்பட்டி எல்லாம் தாண்டி இறங்க வேண்டும். 35 கிலோமீட்டருக்குக் குறையாது. ராத்திரி ஆட்டம் ஏழேகாலுக்குத்தான் தொடங்கும், முடிய பதினொன்றை ஒட்டிவிடும். கடைசி ஓவரும் கடைசி பஸ்ஸும் ஒரே நேரத்தில் வரும்போது மனிதன் எதைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது உளவியலுக்கு இன்னும் பிடிபடாத விஷயம். அனுபவசாலிகள் இதற்காகவே பைக் உள்ள நண்பனோடு ஆண்டு முழுவதும் நல்லுறவு பேணுகிறார்கள். அந்த நண்பனுக்கு கிரிக்கெட் பிடிக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

நத்தம் மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். லீக் நடப்பதும் பெரும்பாலும் ஜூன், ஜூலையில். இந்த இரண்டு உண்மைகளையும் இணைத்தே பேகம்பூர் வீடுகளில் அனுமதி பெறப்படுகிறது.

“அத்தா, நத்தம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்.”

“எதுக்கு?”

“மாம்பழம் வாங்க.”

“ராத்திரி பதினோரு மணிக்கு எவன்டா மாம்பழம் விக்கிறான்?”

இவ்வுரையாடல் தலைமுறை தோறும் சிறு மாற்றங்களுடன் நிகழ்த்தப்படுவது. வாய்மொழி இலக்கியமாகக் கொள்ளத்தக்கது.

ரசிகனை வகைப்படுத்தும் பணி, எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முடிந்தது. மைதானத்துக்குப் போகிறவன், டிவியில் பார்க்கிறவன், செல்போனில் ஸ்கோர் மட்டும் பார்க்கிறவன் என்று மேலோட்டமாகப் பிரிப்பது பழைய முறை. உண்மையான பிரிவு வேறு இடத்தில் விழுகிறது: நெட் ரன் ரேட் போடத் தெரிந்தவன், தெரியாதவன். ஏழே ஆட்டம் என்பதால் நாலைந்து அணிகள் ஒரே புள்ளியில் முட்டிக்கொண்டு நிற்பது சகஜம். அப்போது ஓவருக்கு எத்தனை எடுத்தோம், எத்தனை கொடுத்தோம் என்ற கழித்தல்தான் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். அணி முழுதும் அவுட்டாகிவிட்டால், ஆடியது பதினாலு ஓவரானாலும் கணக்கில் முழு இருபது ஓவர் என்றே வரும் என்ற விதி தெரிந்தவனுக்கு டீக்கடையில் ஒரு தனி மரியாதை. பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறாத பலர் இதில் மட்டும் தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை வாயாலேயே சொல்வதைக் கல்வித்துறை கவனிக்க வேண்டும்.

இதற்கு அமெரிக்காவிலும் முன்னோடி உண்டு. கான்சாஸ் மாநிலத்தில் ஓர் உணவு டப்பா ஆலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர் பில் ஜேம்ஸ். காவல் நேரத்தில் பேஸ்பால் எண்களைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டு, 1977இல் தன் கையாலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்தக் கணக்குகள் பிற்காலத்தில் அணிகள் ஆட்களை எடுக்கும் முறையையே மாற்றிப்போட்டன. பூட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல்லில் காவல் வேலைக்கா பஞ்சம்? எந்தப் பட்டறை வாசலில் அடுத்த பில் ஜேம்ஸ் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவது வருங்கால ஆய்வாளர்களின் கடமை.

துன்பவியல் பகுதிக்கு வருவோம். இதில் சான்றுகள் தாராளம். 2018 ஆகஸ்டில் டிராகன்ஸ் முதல்முறையாக இறுதியாட்டத்துக்குப் போனது. எதிரே மதுரை பேந்தர்ஸ். 1985 வரைக்கும் திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. தனிக்குடித்தனம் வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிவிட்ட நிலையில், பழைய வீட்டோடு சேப்பாக்கத்தில் கணக்குத் தீர்க்கும் வாய்ப்பு. திண்டுக்கல் 117க்குச் சுருண்டது. மதுரை ஏழு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையைக் கொண்டுபோனது. அந்த வருஷம் மதுரை அணியில் இருந்தவர் வருண் சக்கரவர்த்தி. அவரே பின்னாளில் திண்டுக்கல் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது பேகம்பூர் அவரை மன்னித்த வேகம், மன்னிப்பு என்ற அறத்தைப் பற்றி மேலும் ஆராயத் தூண்டுகிறது.

மறு வருஷமும் இறுதியாட்டம், அதுவும் ஆகஸ்ட் 15. சேப்பாக் சூப்பர் கில்லீஸின் பெரியசாமி ஐந்து விக்கெட் எடுக்க, திண்டுக்கல் 12 ரன்னில் தோற்றது. கோப்பைக்கு அருகில் இரண்டு தடவை போய்த் திரும்பிய இந்தக் காலத்தைத்தான் ரசிகர்கள் ‘அந்த நேரம்’ என்று பொதுவாகக் குறிப்பிடுகிறார்கள். 2020இல் கொரோனாவால் லீக்கே நடக்கவில்லை. 2021இல் ஆட்டங்கள் எல்லாம் பார்வையாளர் இல்லாமல் சேப்பாக்கத்திலேயே முடிந்தன. அந்த ஓராண்டு மட்டும், நத்தம் பஸ் கிடைக்காததற்கு யாரும் போக்குவரத்துக் கழகத்தைத் திட்டவில்லை.

சிகாகோ கப்ஸ் ரசிகர்கள் இவ்விடத்தில் குறுக்கிட்டு, தாங்கள் 1908க்குப் பிறகு 2016 வரை 108 வருஷம் காத்திருந்ததைச் சொல்லிக்காட்டுவார்கள். அவர்களுக்கு ஒரு சாபக்கதையும் உண்டு. 1945 உலகத் தொடரின்போது வில்லியம் சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் வளர்ப்பு ஆட்டுக்கிடாவை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். நிர்வாகம் ஆட்டை வெளியே அனுப்பியது. அவர் சாபமிட்டார், அணி உருப்படவில்லை என்பது கதை. இக்கதையை ஒப்பியல் நோக்கில் ஆராய்ந்ததில் ஒரு விஷயம் உறுதியாகிறது: திண்டுக்கல்லில் இந்தச் சாபம் ஏற்பட வழியே இல்லை. ஆடு மைதானத்தின் வாசல்வரை போய்ச் சேர்ந்திருக்காது. சீரகச் சம்பா ஊறவைத்திருப்பார்கள்.

சாபம் இல்லாத குறையை அஸ்வின் தீர்த்துவைத்தார். டிராகன்ஸ் ரசிகனின் ரத்த அழுத்தத்தைத் தனித்த ஆய்வுத்துறையாக வளர்த்த பெருமை ரவிச்சந்திரன் அஸ்வினையே சேரும். 2019இல் சேப்பாக் அணிக்கு எதிராக இடது கையை அசைக்காமல் ஒரு வினோதப் பந்து போட்டார். உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. 2023இல் திருச்சிக்கு எதிரான ஆட்டம் அதைவிட அறிவார்ந்தது. பேட்ஸ்மேன் கேட்ச் கொடுத்து அவுட் என்றார் நடுவர். பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டார், மூன்றாம் நடுவர் அவுட் இல்லை என்று மாற்றினார். உடனே அஸ்வின் அந்த ரிவ்யூவின் மீதே ரிவ்யூ கேட்டார். “டேய் மாப்ள, அப்பீலுக்கே அப்பீல் போறாருடா!” என்ற கூவல் எழுந்த கணம், சட்டம் படிக்க நினைத்திருந்த சில இளைஞர்களுக்குத் திசை காட்டியிருக்கக்கூடும். தீர்ப்பு மாறவில்லை. 2025இல் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பு ஒன்றில் அவர் பேட்டால் பேடை அடித்து, ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் அபராதம் கட்டினார். வீட்டுப் பெரியவர் தெருவில் சண்டை போட்டுவிட்டு வந்தால் குடும்பம் என்ன செய்யுமோ அதையே பேகம்பூரும் செய்தது: உள்ளே முணுமுணுத்துவிட்டு, வெளியாள் கேட்டபோது அவர் பக்கம் பேசியது.

அவர் சென்னைக்காரர் ஆயிற்றே என்று கேட்போர் உண்டு. 2016இல் டிராகன்ஸுக்காக சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கராக இறக்கிப் பெயர் வாங்கிய நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர்; மறு வருஷமே ஐபிஎல் அவரை மூன்று கோடிக்கு எடுத்துக்கொண்டது. 2023 முதல் இந்த லீக்கிலும் ஏலம்தான். ஆள் எந்த ஊர் என்பதைச் சட்டை தீர்மானிக்கும், சட்டையை ஏலம் தீர்மானிக்கும். பேஸ்பால் ரசிகன் இதை எப்போதோ விழுங்கிவிட்டான்.

இன்பவியல் சுருக்கமானது, ஏனெனில் இன்பம் ஒரே ஒரு வாரம்தான் நீடித்தது. 2024இல் டிராகன்ஸ் எலிமினேட்டரில் சேப்பாக்கை வென்றது, அஸ்வின் 57. இரண்டாம் தகுதியாட்டத்தில் திருப்பூரை 108க்குச் சுருட்டி, பதினொரு ஓவருக்குள் முடித்தது. அஸ்வின் 30 பந்தில் 69 நாட் அவுட். ஆகஸ்ட் 4, சேப்பாக்கம், எதிரே கோவை கிங்ஸ். 130 எடுக்க வேண்டும். அஸ்வின் மறுபடி 52. ஆறு விக்கெட் வித்தியாசத்தில் முதல் கோப்பை. பந்துவீச்சாளரை நம்பி அணி வைத்திருந்தவர்களுக்கு அவர் மூன்று அரைச்சதமாகத் திருப்பித் தந்த விதம், புள்ளியியலில் அடங்காத ஒன்று. எட்டாவது பருவத்தில் கிடைத்தது. சிகாகோவின் 108ஐ வைத்துப் பார்த்தால் மின்னல் வேகம்.

மறு வருஷம் ஜூலை 6இல் இறுதியாட்டம் நத்தத்துக்கே வந்தது. நடப்புச் சாம்பியன், சொந்த மைதானம், பைக் நண்பர்கள் எல்லோரும் தயார். திருப்பூர் தமிழன்ஸ் 220 எடுத்தது. திண்டுக்கல் 102க்கு ஆல் அவுட். 118 ரன் தோல்வி. கடைசி பஸ் கிடைக்காது என்ற பிரச்சினை அன்று மட்டும் எழவில்லை.

வென்ற அணியின் பூர்வீகம் இங்கே பதிவு செய்யத்தக்கது. அது முதலில் காரைக்குடி காளை. பிறகு ஊர் மாறித் திருப்பூரானது. தூத்துக்குடி அணி சேலமானது, காஞ்சி அணி நெல்லையானது. புரூக்ளின் மக்கள் உயிராய் நினைத்த டாட்ஜர்ஸ் அணி 1957 பருவத்தோடு மூட்டைகட்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனபோது கிழவர்கள் அழுததாகச் சொல்வார்கள். காரைக்குடியில் யார் அழுதார்கள் என்று கேட்டு எழுத ஆளில்லை. திண்டுக்கல்லோ 2016இல் வைத்த பெயரோடும் ஊரோடும் இன்றும் இருக்கிறது. மைதானம் நத்தத்தில் என்பது வேறு விஷயம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் பேகம்பூர்ப் பையன்களின் நிலைமைதான் கோட்பாட்டளவில் மிகச் சிக்கலானது. சம்பளம் திருப்பூரில், ரேஷன் கார்டு திண்டுக்கல்லில். அன்றைய இறுதியாட்டத்தில் எந்தப் பக்கம் நிற்பது? டீக்கடை அறிஞர்கள் இதற்கு ஒரு சமரசத் தீர்வை முன்வைக்கிறார்கள்: ஷிப்ட் முடியும்வரை திருப்பூர், பஸ் ஏறியபின் திண்டுக்கல். பஸ் தாராபுரம் தாண்டும்போதே ஒன்பதாவது விக்கெட் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற துணைக்கேள்விக்கு, அங்கேயே இறங்கி அடுத்த பஸ்ஸில் திருப்பூருக்குத் திரும்பிவிடலாம், ஓவர்டைமாவது மிஞ்சும் என்றார் அவர்களில் மூத்தவர்.