முட்டி போட்டால் சீட்டு

நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை முட்டி போட வைப்பார்கள். இங்கிலாந்தில் நாகரிகம் முற்றிவிட்டது. அங்கே பிள்ளையைத் தொட மாட்டார்கள். அப்பனையும் ஆத்தாளையும்தான் முட்டி போட வைப்பார்கள். அதுவும் பிள்ளை பள்ளியில் சேர்வதற்கு ஓரிரு வருடம் முன்பிருந்தே, ஞாயிறு தவறாமல், பாதிரியார் கண்ணில் படும்படி. நாலு வயதில் பள்ளி. ஆகவே பிள்ளைக்குப் பால்பல் முளைத்து முடிவதற்குள் பெற்றவர்களுக்குப் பக்தி முளைத்துவிட வேண்டும்.

இங்கிலாந்து திருச்சபையின் பெயரில் அந்த நாட்டில் சுமார் 4,600 பள்ளிகள் நடக்கின்றன. பிரைமரி பள்ளிகளில் நாலில் ஒன்று அவர்களுடையது. படிக்கிற பிள்ளைகள் சுமார் பத்து லட்சம். வாரத்துக்கு ஆராதனைக்கு வருகிற கூட்டமோ, குஞ்சு குளுவான் எல்லாம் சேர்த்து, சராசரியாக ஏழு லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. பரலோகத்துக்கு வழி கேட்டு வருகிறவர்களைவிட வாய்ப்பாட்டுக்கு வருகிறவர்கள் அதிகம்.

இவற்றில் கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் வீடு யாருக்குப் பக்கமோ அவர் பிள்ளைக்கு இடம், அவ்வளவுதான். பர்மிங்காம், பிளாக்பர்ன் பக்கம் முஸ்லிம் பிள்ளைகளே பெரும்பான்மையாகப் படிக்கும் திருச்சபைப் பள்ளிகளும் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குத் தன் கைக்காசில் ரொட்டி வாங்கிக் கொடுக்கிற டீச்சர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். என் ஆத்திரமெல்லாம் ரிசல்ட் நன்றாக வருகிற, அதனாலேயே அக்கம்பக்கத்தில் வீட்டு விலை எகிறிக் கிடக்கிற, சீட்டுக்கு அடிதடி நடக்கிற பள்ளிகளின் மேல்.

அங்கே சேர இரண்டு படிவம். ஒன்று கவுன்சிலுடையது; எல்லோருக்கும் பொது; ஜனவரி 15 கடைசி நாள். இன்னொன்று பள்ளியே கேட்கிற துணைப் படிவம். அதைக் கையில் வாங்கிப் பாருங்கள். எந்த தேவாலயம்? எவ்வளவு காலமாக? வாரந்தோறுமா, பதினைந்து நாளுக்கு ஒருமுறையா, மாதம் ஒருமுறையா? பக்கத்தில் டிக் அடிக்கக் கட்டம். கீழே பாதிரியார் கையெழுத்துக்கு ஒரு கோடு. பக்தியை மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலப் பார்த்துத் தரம் பிரித்துவிடுகிறார்கள். வாராவாரம் வருகிறவன் முதல் தரம். மாதம் ஒருமுறை வருகிறவன் மட்டம். வராதவன் பட்டியலின் வாலில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று நம் பாட்டிகள் சொல்லிவைத்தது அந்தத் திருச்சபையின் தலைமைப்பீடமான கேன்டர்பரி வரைக்கும் செல்லும் போலிருக்கிறது.

பாதிரியாரின் பாடு வேறு. காலியாகக் கிடந்த பெஞ்சுகளில் திடீரென்று தள்ளுவண்டிகளோடு இளம் தம்பதிகள். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் காப்பி மேஜைக்குப் போகுமுன் வருகைப் பதிவேட்டைத் தேடுகிறார்கள். ஏப்ரல் 16-ம் தேதி, பிரைமரி சீட்டு யாருக்கு என்று அறிவிக்கிற நாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தள்ளுவண்டிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பாதிரியாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறார். சட்டன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை 2013-ல் பெற்றோரிடம் கேட்டபோது, முன்பு தேவாலயம் போகாதிருந்து பள்ளி இடத்துக்காகவே போனோம் என்று நூற்றுக்கு ஆறு பேர் சொன்னார்கள். மேல்தட்டில் நூற்றுக்குப் பத்து. ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இவ்வளவு. மற்றவர்கள் பிள்ளைக்கு நேர்மையைப் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

2020-ல் கொரோனா வந்து தேவாலயங்களைப் பூட்டினார்கள். மற்றவர்களுக்கு உயிர்க் கவலை. இவர்களுக்கு அட்டெண்டன்ஸ் கவலை. பூட்டியிருந்த மாதங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பள்ளிகள் விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டியதாயிற்று. கொள்ளைநோய்க் காலத்தில் கடவுளுக்கே கேஷுவல் லீவ் எழுதிக் கொடுத்த அமைப்பு இது.

சரி, ஒரு மதம் தன் காசில் தன் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினால் யாருக்கென்ன? அதுதான் இல்லை. டீச்சர் சம்பளம், கரன்ட் பில், சாக்பீஸ் எல்லாம் அரசாங்கப் பணம். முழு அதிகாரம் வைத்திருக்கிற ரகப் பள்ளிகளில்கூடக் கட்டட வேலைக்கு மட்டும் நூற்றுக்குப் பத்து பள்ளி நிர்வாகம் போடும். மிச்சம் தொண்ணூறும் வரி கட்டுகிறவன் தலையில். அந்த வரியைக் கட்டுகிறவர்களில் இந்து, முஸ்லிம், சீக்கியர், சாமியே இல்லை என்கிறவர் எல்லோரும் உண்டு. மத அடிப்படையில் யாரையும் ஒதுக்காதே என்று 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் சொல்கிறது. மதப் பள்ளிகளின் அட்மிஷனுக்கு மட்டும் அதே சட்டம் விலக்கும் கொடுக்கிறது. காசோ உழைப்போ கொடுத்தவருக்கு முன்னுரிமை தரக் கூடாது என்று அட்மிஷன் விதித்தொகுப்பில் தனியாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். யாரும் செய்யாத தப்புக்கு யாராவது விதி எழுதுவார்களா?

அந்த விதித்தொகுப்பில் இன்னொரு இடம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்றோர் இல்லாமல், அல்லது பெற்றோரால் பார்க்க முடியாமல், அரசுப் பராமரிப்பில் வளர்கிற பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளியிலும் முதல் இடம் என்பது பொது விதி. மதப் பள்ளிக்கு மட்டும் ஒரு சலுகை: நம் விசுவாசத்தைச் சேர்ந்த அநாதையை முதலில் எடு, பிறகு நம் விசுவாசத்தைச் சேர்ந்த மற்றப் பிள்ளைகள் எல்லோரையும் எடு, அதற்கும் பிறகு இடம் மிஞ்சினால் மற்ற அநாதையைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லாப் பள்ளியும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் செய்தால் சட்டம் ஒன்றும் கேட்காது. தாயும் தகப்பனும் இல்லாத நாலு வயசுக் குழந்தையிடம், உன்னை ஞாயிற்றுக்கிழமை யார் கூட்டிப்போனார்கள் என்று கேட்க ஒரு படிவம் அச்சடித்து வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் நம் எழும்பூர் வருகிறது. 1787-ல் மதராசில் வந்து இறங்கிய ஸ்காட்லாந்துக்காரப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789 முதல் அங்கே ஆண் அநாதை விடுதியை நடத்தினார். வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெரும்பாலும் இந்தியத் தாய்மார் வயிற்றில் பிறந்து நாதியற்றுப்போன பையன்கள். நம்மவர் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரல் வைத்து எழுதிப் பழகுவதைப் பார்த்தார் பெல். தன் விடுதியில் அதையே தொடங்கினார். பெரிய வாத்தியார்கள் முரண்டு பிடித்தபோது, எழுதத் தெரிந்த பையனையே தெரியாத பையனுக்குச் சட்டாம்பிள்ளையாக்கினார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். 1811-ல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திருச்சபைக்காரர்கள் தேசியச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, நாடெங்கும் பள்ளிகள் திறந்தபோது கையில் எடுத்தது இந்த ‘மதராஸ் முறை’யைத்தான். ஒரு வாத்தியார், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், செலவு சொற்பம். இன்றைக்கிருக்கிற திருச்சபைப் பள்ளிகளுக்கெல்லாம் மூதாதை அந்தச் சங்கம். பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் புதைத்தார்கள். எழும்பூர் அநாதைகளை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கு நினைவிருக்கிறது?

பெல் ஒன்றும் மகான் இல்லை. ஏழைக்கு அளவுக்கு மீறிப் படிப்புக் கொடுத்தால் அவன் தன் இடத்தை மறந்துவிடுவான் என்ற பயம் அவருக்கும் இருந்தது. நம் திண்ணைப் பள்ளியும் சொர்க்கம் இல்லை. எந்தச் சாதிப் பிள்ளை திண்ணையில் ஏறலாம், எது தெருவிலேயே நிற்க வேண்டும் என்று அங்கே எழுதாத படிவம் ஒன்று இருந்தது. பெல் நம்மிடமிருந்து மணலை மட்டும்தான் கப்பலேற்றினார் என்று இதுநாள் வரை நினைத்துக்கொண்டிருந்தோம்.

இப்போது பள்ளிக்குள்ளே போவோம். ஹாலில் நுழைந்ததும் சுவரில் ஒரு மரம். பழுப்பு அட்டையில் வெட்டிய தண்டு, பச்சைக் காகித இலைகள், ஒவ்வொரு இலையிலும் ஒரு விழுமியம்: கருணை, நேர்மை, மன்னிப்பு, நன்றி, விடாமுயற்சி, மரியாதை. அரைப் பருவத்துக்கு ஒரு விழுமியம் என்று முறை வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் கருணை, நவம்பரில் நன்றி. நேர்மை எப்போது வரும் என்று தெரியவில்லை, அட்மிஷன் காலத்தில் வராது. தினமும் கூட்டு வழிபாடு. 1944-ல் இருந்து சட்டப்படி கட்டாயம். மெழுகுவத்தி ஏற்றி, கால் மடக்கித் தரையில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு நல்ல சமாரியன் கதை சொல்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் பார்க்காதது போலக் குருவானவர் விலகிப் போனாராம், வேற்றினத்தான்தான் தூக்கிவிட்டானாம். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கிறார்கள். அந்தச் சமாரியனுக்கு நாலு வயதில் ஒரு பையன் இருந்திருந்தால், அவன் பெயர் இந்தப் பள்ளியின் பட்டியலில் எந்த வரிசையில் இருந்திருக்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஏசுவுக்கே கஷ்டம்தான். ஞானஸ்நானம் எடுத்தது முப்பது வயதை ஒட்டி, குடும்பமோ வெளியூர், கைக்குழந்தையாக இருந்தபோதே எகிப்துக்கு ஓடிய அகதிகள். முகவரிச் சான்று எங்கே?

விழுமியங்களுக்குத் தனியாக இன்ஸ்பெக்ஷனும் உண்டு. அரசாங்கத்தின் ஆஃப்ஸ்டெட் போக, திருச்சபை தன் பங்குக்கு ‘சயாம்ஸ்’ என்று ஒன்றை அனுப்புகிறது. பள்ளிக்கு ஒரு தொலைநோக்கு இருக்க வேண்டும். அது இறையியலில் வேரூன்றியிருக்க வேண்டும். ஆகவே ஹெட்மிஸ்ட்ரஸ் பைபிளைப் புரட்டி, லெட்டர்பேடில் அடங்குகிற மாதிரி ஒரு வசனம் தேடுகிறார். கடுகு விதைக்கு நல்ல கிராக்கி. இன்ஸ்பெக்டர் ஆறு வயதுப் பிள்ளையிடம் குனிந்து, ‘உங்கள் பள்ளியின் தொலைநோக்கு உன் வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது?’ என்கிறார். ஒரு வாரமாக அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ‘கடுகு,’ என்கிறாள். ரிப்போர்ட்டில் ஒரு பத்தி ஏறிவிடும். வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையிடம், இதே தொலைநோக்கு உன் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்று கேட்க இன்ஸ்பெக்டருக்கு நேரம் கிடையாது. அந்தப் பிள்ளை பஸ் பிடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டது.

அது யார் பிள்ளை? ஞாயிற்றுக்கிழமை காலையில் முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிற பெண்ணின் பிள்ளை. சூப்பர்மார்க்கெட்டில் அடுக்குகளை நிரப்புகிறவனின் பிள்ளை. சனிக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துவிட்டு விடியலில் படுத்தவளின் பிள்ளை. ஞாயிறு பத்து மணிக்குக் குளித்துச் சட்டை மாட்டி வந்து உட்காரும் ஓய்வு யாருக்கு உண்டு என்று கொஞ்சம் யோசித்தால், அந்த வருகைப் பதிவேடு எதை அளக்கிறது என்று விளங்கிவிடும். வருமானச் சான்றிதழ் கேட்டால் அசிங்கம். ஆகவே விசுவாசச் சான்றிதழ் கேட்கிறார்கள். நம்மூரில் எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவனாவது, நான் செய்வது திருட்டுத்தனம் என்று தெரிந்தே வருகிறான்.

இலையுதிர் காலத்தில் அறுவடைத் திருநாள். வீட்டுக்கு ஒரு கடிதம்: கெட்டுப்போகாத உணவுப் பொருள் ஏதாவது கொடுத்தனுப்புங்கள், உணவு வங்கிக்குக் கொடுக்கப் போகிறோம். பீன்ஸ் டின், பாஸ்தா, தக்காளி சூப் எல்லாம் பீடத்தின் முன் அடுக்குகிறார்கள். பிள்ளைகள் பாடுகிறார்கள். போட்டோ எடுத்து நியூஸ்லெட்டரில், ‘இந்தப் பருவத்தின் விழுமியம்: கருணை.’ அந்த டின்கள் இரண்டு தெரு தள்ளி எந்த வீட்டுக்குப் போகின்றனவோ அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் ஏப்ரலில் இடமில்லை என்று கடிதம் போயிருந்தது. சூப்பைக் கொடுப்பார்கள், பெஞ்சில் இடம் கொடுக்க மாட்டார்கள்.

திருச்சபைக்கு இது தெரியாமலில்லை. பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு ஆசனம் இருக்கிறது. குழந்தை வறுமையைப் பற்றி அங்கே உருக்கமாகப் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். திருச்சபையின் கல்வி வாரியத் தலைவராக இருந்த ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் ஜான் பிரிட்சர்ட் 2011-ல், விசுவாசிகளுக்கென்று நூற்றுக்குப் பத்து இடத்துக்கு மேல் ஒதுக்க வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னார். திருச்சபை அதைக் கட்டாயமாக்கவில்லை. முடிவைப் பள்ளி நிர்வாகிகளின் மனசாட்சிக்கு விட்டுவிட்டார்கள்.

விதியை மாற்றப் பாராளுமன்றம் கூட வேண்டாம். நிர்வாகக் குழு தீர்மானித்து, அக்டோபருக்கும் ஜனவரிக்கும் நடுவே ஆறு வாரம் கருத்துக் கேட்டால் போதும். மாற்றிய பள்ளிகளும் இருக்கின்றன. மாற்றாத பள்ளியில் கூட்டம் ஜெபத்தோடு தொடங்கும். அட்மிஷன் விதி ஏழாவது பொருள். ‘சென்ற ஆண்டு போலவே’ என்று தலைவர் சொல்ல, இரண்டு நிமிடத்தில் எல்லோரும் கை தூக்கிவிடுவார்கள். எட்டாவது பொருள், வாசலில் தொங்கவிடப் போகும் புதிய பேனர். ‘எல்லோரையும் வரவேற்கிறோம்’ என்பதை நீலத்தில் எழுதுவதா, மஞ்சளிலா என்று அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.