வெட்ஜ் இலக்கணச் சுருக்கம்

பாயிரம்

கோல்ஃப் ஆட்டத்தை நெட்டாட்டம், குற்றாட்டம் என இரண்டாகப் பிரிப்பர். பந்தைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிட்டுத் தேடுவது நெட்டாட்டம். குழி கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த பிறகும் பந்தை அதில் சேர்க்க முடியாமல் தவிப்பது குற்றாட்டம். குழி இருக்கும் புல்பரப்பான கிரீனை நெருங்கி, நூறு கஜத்துக்குள் வந்தவர் பையிலிருந்து உருவும் சாய்ந்த முக மட்டைகளுக்கு வெட்ஜ் என்று பெயர்.

இவற்றை ஆராயும் துறைக்கு அடிப்படைக் கொள்கை ஒன்று உண்டு. குற்றம் எஃகில் இருக்கிறது. எஃகைப் பிடித்திருக்கும் ஆளிடம் இல்லை என்பதே அது. இதை ஏற்காதவர்கள் இந்நூலைப் படிக்கத் தகுதியற்றவர்கள். அவர்கள் பயிற்சி செய்யப் போகலாம்.

தோற்றம்

ஆதியில் மணற்குழிக்கென்று தனி மட்டை கிடையாது. நிப்லிக் என்ற மட்டையை ஓங்கினால் அதன் மெல்லிய விளிம்பு மணலுக்குள் இறங்கிவிடும். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். 1920களின் கடைசியில், முகம் கரண்டி போலக் குழிந்த மட்டை ஒன்று வந்தது. 1930இல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் பாபி ஜோன்ஸ் அதைப் பயன்படுத்தி வென்றார். ஒரே வீச்சில் பந்தை இரண்டு முறை தொட அது இடம் தருகிறது என்று கண்டு, 1931இல் தடை போட்டார்கள். முகத்தைத் திருத்தும் வழி அடைபட்டது. எனவே அடுத்து வந்தவர் அடியைத் திருத்தினார்.

அவர் ஜீன் சாரசன். செல்வந்தரும் விமானியுமான ஹோவர்ட் ஹ்யூஸோடு விமானத்தில் பறந்தபோது, வால்பக்கத் தகடு கீழே இறங்க மூக்கு மேலே எழுந்ததைப் பார்த்து யோசனை வந்தது என்பது அவர் வாக்குமூலம். ஃப்ளோரிடாவின் நியூ போர்ட் ரிச்சியில் உட்கார்ந்து நிப்லிக்கின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்தார், அரத்தால் ராவினார், மணலில் அடித்துப் பார்த்தார், மறுபடி ராவினார். 1932இல் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் மைதானத்தில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனுக்கு அதைக் கொண்டுபோனார். அதிகாரிகள் கண்ணில் பட்டால் இதற்கும் தடை வரும் என்று அஞ்சி, பையில் தலைகீழாகச் செருகி ஒளித்துவைத்தார். 5 வீச்சு வித்தியாசத்தில் பட்டம் வென்றார். போட்டி முடிந்தபின் தடை கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாருக்கும் ஒன்று வேண்டியிருந்தது.

அடி

மட்டையின் முன்விளிம்பைவிட அடிப்பாகத்தின் பின்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் கோணத்துக்கு பவுன்ஸ் என்று பெயர். இது 4, 5 டிகிரி இருந்தால் குறைவு. 10 டிகிரிக்கு மேல் போனால் மிகுதி. தளர்ந்த மணலுக்கு மிகுதி நல்லது. இறுகிக் காய்ந்த தரைக்குக் குறைவு நல்லது. மாற்றிப் பயன்படுத்தினால் மட்டை மணலுக்குள் புதையும், அல்லது தரையில் பட்டுத் துள்ளிப் பந்தின் மண்டையில் விழும்.

மணற்குழி அடியின் இலக்கணம் தனியானது. மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்துகொண்டு, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்க வேண்டும். தாழ்ந்த அடிப்பாகம் மணலுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்லும். கிளம்பும் மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். மட்டை பந்தைத் தொடவே தொடாது. பந்தை அடிக்காமல் விடுவதே வெற்றியாகும் இடம் கோல்ஃபில் இது ஒன்றுதான். புதிதாக ஆட வருவோரிடம் இத்திறன் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. அதை அவர்கள் புல்தரையில் காட்டிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

அடிப்பாகத்தை எங்கெங்கே சீவுவது என்பது அடுத்த பாடம். டைட்டிலிஸ்ட் நிறுவனத்துக்காக பாப் வோக்கி வடிவமைத்த வெட்ஜுகளில் ஒவ்வொரு சீவலுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு: எஃப், எஸ், எம், கே, எல் என நீளும். எஃப் வாங்கியவருக்குத் தம் ஆட்டத்துக்கு உகந்தது எம்தான் என்பது மூன்றாவது வாரத்தில் புலப்படும். இது விதி.

வகை

முகத்தின் சாய்வை லாஃப்ட் என்பர். 1970களில் பிச்சிங் வெட்ஜின் சாய்வு ஏறத்தாழ 50 டிகிரி. மணற்குழிக்கான சாண்ட் வெட்ஜ் 56. இரண்டும் அண்ணன் தம்பியாக ஒற்றுமையாக இருந்தன. பிறகு, அயர்ன் எனப்படும் தங்கள் எண்ணிட்ட மட்டைகளில் பந்து அதிக தூரம் போகிறது என்று காட்ட, தயாரிப்பாளர்கள் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மட்டையில் பொறித்த எண் மாறவில்லை. வாங்கியவர் தம் தோளில் புதுவலு வந்ததாக நம்பினார். இன்று பல செட்டுகளில் பிச்சிங் வெட்ஜ் 44 டிகிரிக்கு வந்துவிட்டது.

இதனால் 44க்கும் 56க்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்தது. அதை நிரப்ப 50 டிகிரியில் கேப் வெட்ஜ் என்ற மட்டையைத் தனி விலைக்குக் கொண்டுவந்தார்கள். அது பழைய பிச்சிங் வெட்ஜேதான் என்று சொல்வோர், வணிகத்தின் நுட்பம் அறியாதவர்.

எண்ணிக்கை

பையில் எத்தனை மட்டை இருக்கலாம் என்பதற்கு ஒருகாலத்தில் வரம்பில்லை. லாசன் லிட்டில் இருபதுக்கு மேல் சுமக்கவைத்தார். பையைச் சுமக்கும் கேடியின் முதுகெலும்பு அக்கால விதிகளில் இடம்பெறவில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ 1939இலும் 14 என்று வரையறுத்தன.

நாசாவில் இயற்பியல் ஆய்வாளராக இருந்து கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ், மூன்றாவது வெட்ஜாக 60 டிகிரியைச் சேர்க்கச் சொன்னார். டாம் கைட் சேர்த்தார். 1981இல் அமெரிக்கச் சுற்றின் பரிசுப்பணப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அன்றுமுதல் 60 இல்லாத பை அரைகுறை என்று ஆயிற்று. ஃபில் மிக்கல்சன் 64 டிகிரி வரை போனார். இன்னும் நான்கு வந்தால் எவருடைய பைக்கும் நல்லதே. ஆனால் 14 என்பது 14தான். ஒன்று உள்ளே வர ஒன்று வெளியேற வேண்டும். அப்படி வெளியேறியவற்றுள் முதன்மையானது 3ஆம் எண் அயர்ன்.

புறனடை

மேற்கண்ட விதிகளுக்கு விலக்கு இரண்டு.

முதலாவது, 2010இல் முகத்திலுள்ள வரிப்பள்ளங்களின் கூர்மைக்கும் கொள்ளளவுக்கும் புதிய வரம்பு வந்தது. ஆனால் பழைய வழக்கொன்றின் சமரசத்தால், 1990 ஏப்ரல் 1க்கு முன் தயாரான பிங் ஐ-2 மட்டைகளை அது தொடவில்லை. மிக்கல்சன் அவற்றில் ஒன்றைத் தேடி எடுத்து ஆடினார். பிங் நிறுவனம் அந்தச் சமரச உரிமையை விட்டுக்கொடுத்து அதே ஆண்டு மார்ச்சில் வழியை அடைக்கும்வரை, உலகின் மிக நவீனமான வெட்ஜ் இருபது வயதுப் பழசாக இருந்தது.

இரண்டாவது, செவே பாலெஸ்டரோஸ். ஸ்பெயினின் பெத்ரேனாவில் கேடிப் பையன். மைதானத்தில் இஷ்டப்படி ஆட அனுமதி இல்லை. அண்ணன் கொடுத்த ஒரே ஒரு 3ஆம் எண் அயர்னோடு கடற்கரைக்குப் போய், மணலிலிருந்து பந்தைத் தூக்கவும், தாழ்த்தவும், சுழற்றவும் கற்றார். சாய்வை மட்டை தரவில்லை, மணிக்கட்டு தந்தது. ஐந்து பெரிய பட்டங்களை வென்றார். இந்நூலின் அடிப்படைக் கொள்கையோடு இச்சம்பவம் ஒத்துவரவில்லை. ஆகவே புறனடையில் வைத்தோம்.

வெட்ஜ் வாங்கும் செலவு கட்டுப்படியாகாதவர்கள் இம்முறையைப் பின்பற்றலாம். ஒரு கடற்கரையும் பத்து வருஷமும் தேவைப்படும். இரண்டுக்கும் இப்போதைக்குத் தவணை வசதி இல்லை.