பாலைவனத்துக் கிருகஸ்தர்

வயது அறுபத்தைந்தைத் தாண்டி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளின் கல்யாணங்களையும் நடத்தி முடித்துவிட்ட மினசோட்டாக்காரர் ஒருவர், நவம்பர் மாதத்து முதற்பனியை வாசலிலிருந்து வாரித் தள்ளிவிட்டு, "இந்தச் சனியன் இனி நமக்கு வேண்டாம்" என்று மண்வாரியைச் சுவரோரம் சாத்துகிற அந்த க்ஷணத்திலேயே அவருக்கு வானப்பிரஸ்தம் சித்தித்துவிடுகிறது. நம் முன்னோர் விதித்த வானப்பிரஸ்தத்துக்கும் இதற்கும் பேதம் அதிகமில்லை. மரவுரியின் ஸ்தானத்தில் அரைக்கால் சட்டை. தண்டகாரண்யத்தின் ஸ்தானத்தில் அரிசோனா பாலைவனம். விரும்பினால் பத்தினியும் உடன் வரலாம் என்பது இரண்டு சம்பிரதாயங்களுக்கும் பொது.

பனிப்பறவைகள் என்று அமெரிக்கர்கள் செல்லமாக அழைக்கும் இந்தக் கூட்டத்தார் வீட்டைத் துறந்து வருவதாகத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் குளிர்பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு, இரட்டைக் கட்டில், இரண்டு தொலைக்காட்சிகள், வயதான நாய் ஒன்று, நின்ற இடத்தில் பொத்தானை அழுத்தினால் வெளியே நகர்ந்து கூடத்தை விஸ்தரித்துக் கொடுக்கும் பக்கச் சுவர் ஆகிய சகல சம்பத்துக்களும் அடங்கிய நாற்பதடி நீள மோட்டார் வீட்டை ஓட்டிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போய்வர ஒரு சிறு காரையும் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு அவர்கள் வருவதைப் பார்த்தால், துறக்கப்பட்டது அந்த மண்வாரி ஒன்றுதான் என்று தோன்றும். அந்த வண்டி ஒரு காலன் எரிபொருளுக்கு எட்டு மைல் ஓடினால் அன்று சுபதினம்.

போய்ச் சேருமிடம் பெரும்பாலும் குவார்ட்ஸைட். கோடையில் சில ஆயிரம் பேரே வசிக்கிற அந்தச் சிற்றூர், ஜனவரி பிறந்ததும் ரத்தினக் கல் சந்தைகளும் மோட்டார் வீட்டுக் கண்காட்சியும் கூடி, அடையாளம் தெரியாமல் பெருத்துவிடும். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற இடத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ள 180 டாலருக்கு மத்திய சர்க்காரின் நில நிர்வாகத் துறை அனுமதிச் சீட்டுக் கொடுத்து வந்திருக்கிறது. வண்டிக்காக லட்சக்கணக்கான டாலரை எண்ணிக் கொடுத்த நம்மவர், ஏழு மாத ஜாகை 180 டாலருக்குக் கிடைத்த சாமர்த்தியத்தைக் காண்போரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்வார். வண்டியின் விலை அந்தக் கணக்கில் ஒருபோதும் ஏறாது.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை புதரும் கூழாங்கல்லுமாகப் பரந்து கிடக்கும் வெளியில் வண்டியை எங்கே நிறுத்தினால் என்ன என்று அனுபவமில்லாதவர்கள் கேட்கலாம். ஆனால் நிறுத்தும் வேளையில் அம்மாள் பின்புறம் நின்று இரு கைகளையும் அசைக்கிறாள்; அவள் 'வரலாம்' என்று காட்டுகிற சைகையும் 'நில்லுங்கள்' என்று காட்டுகிற சைகையும் ஓட்டுகிறவரின் கண்ணாடியில் ஒன்றுபோலவே தெரிகின்றன; நாற்பது வருஷ தாம்பத்தியத்தில் நாகரிகம் கருதிப் பேசாமல் விடப்பட்ட விஷயங்கள் யாவும் அந்தப் பத்து நிமிஷத்துக்குள் பேசப்பட்டுவிடுகின்றன. அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலிகளை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள்; போன வாரம் தாங்கள் பிறருக்கு இலவசமாக அளித்த காட்சிக்கு இது ஈடு. நிறுத்திய பிறகும் விமோசனமில்லை. இவ்வண்டிகளில் பலவற்றில் இருக்கும் அம்மோனியாக் குளிர்பெட்டி, தளம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் முரண்டு பிடிக்குமாதலால், ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும் சக்கரத்தடியில் பலகை செருகுவதும் மறுபடி பார்ப்பதுமாகச் சூரியன் மலைவாயில் விழுந்துவிடும்.

ஆயினும், இவருடைய ஞானம் பூரணமாகப் பிரகாசிப்பது கழிவுத் தொட்டி விஷயத்தில்தான். வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள் உண்டு. குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேர்வது சாம்பல் தொட்டி. மற்றது கறுப்புத் தொட்டி. அதில் சேர்வது இன்னதென்று நான் விவரிக்கப் போவதில்லை. முப்பது வருஷம் வங்கி மானேஜராக இருந்து, வீட்டுக் குழாய் சொட்டினாலும் ஆளுக்குச் சொல்லியனுப்பியே பழகிய மனிதர், இப்போது ரப்பர்க் கையுறை மாட்டி, பருத்த குழாயொன்றை ஏந்தி, கழிவு இறக்கும் வரிசையில் நிற்கிற கம்பீரம் அவர் வங்கியில் ஒருநாளும் காணாதது. கறுப்பை முதலில் திறக்க வேண்டும், சாம்பலைப் பின்னால் திறக்க வேண்டும், அப்போதுதான் பின்னது முன்னதைக் குழாயிலிருந்து அலசிக்கொண்டு போகும் என்ற சூக்ஷ்மத்தை, புதிதாக வந்தவன் கேட்டாலும் உபதேசிப்பார், கேட்காவிட்டாலும் உபதேசிப்பார். நனைந்ததும் குழாயை மூடி, சோப்புத் தேய்த்து, மறுபடி ஒரு நொடி திறந்து ஸ்நானத்தை முடிக்கும் வித்தையை அம்மாளும் கற்றாக வேண்டும். ஏனெனில் தொட்டி எத்தனை நாள் தாங்கிற்று என்பது குடும்ப கௌரவத்தைச் சேர்ந்தது. மாலை நாலு மணிக்கு நாற்காலிகள் வட்டமாகக் கூடி, பிளாஸ்டிக் கோப்பைகளில் திராட்சை மது பரிமாறப்பட்டு, சூரியத் தகடு, மின்கலம், முழங்கால் வலி என்று சம்பாஷணை ஒரு சுற்று வந்து ஓய்ந்ததும், "எங்களுக்குப் பன்னிரண்டு நாள்" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுச் சபையை ஒருமுறை பார்ப்பார்.

ஏகாந்தத்தை நாடி வந்ததாகவும் அவர் அந்தச் சபையில்தான் சொல்லுவார். சுற்றிலும் லட்சக்கணக்கான ஏக்கர் காலியாகக் கிடக்க, தம் ஊரிலிருந்து வந்த இன்னொருவரின் வண்டிக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இறங்கியிருப்பார். அந்த மனிதருடைய ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு மேலும் உறுமுகிறதென்று மனஸ்தாபமும் உண்டு. நகர வெளிச்சம் படாத வானத்தில் நக்ஷத்திரம் பார்ப்பது இரண்டாவது லட்சியம். ஆனால் பாலைவனத்து எலிகள் எஞ்சினுக்குள் கூடு கட்டிக் கம்பிகளைக் கடித்துவிடுமென்று, விடிய விடிய வண்டியின் அடியில் சர விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஊர் மயானத்தில் பிரமிட் வடிவமான கல் சமாதி ஒன்றும் அதன் உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றும் இருக்கின்றன. 1850-களில் அமெரிக்க ராணுவம் பாலைவனச் சுமைக்கென்று ஒட்டகங்களைக் கப்பலேற்றித் தருவித்தபோது அவற்றோடு வந்து, 1902-இல் இங்கே காலமான ஹாஜி அலி அதில் துயில்கிறார். அந்நாட்டார் வாயில் அவர் பெயர் ஹை ஜாலி. நம்மவர் சமாதிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒட்டகத்தைச் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்து, "இதற்குத் தொட்டியெல்லாம் வேண்டியிருந்திராது" என்று அம்மாளிடம் சொல்வார்.

இடையில் ஒருநாள் யூமாவுக்குப் போய், காரை எல்லைக்கு இப்புறம் விட்டுவிட்டு, மெக்ஸிகோவின் லாஸ் அல்கோடோனஸுக்குள் நடந்து நுழைந்து, அங்கே தெருவெல்லாம் நிறைந்திருக்கும் பல் வைத்தியர்களில் ஒருவரிடம் இரண்டு பற்களைச் சரிசெய்துகொண்டு, மூக்குக் கண்ணாடியும் மாத்திரையும் வாங்கித் திரும்புவார். அதில் மிச்சமான தொகையும் அந்த 180 டாலர்க் கணக்கோடு சேர்ந்துகொள்ளும்.

இத்தனை சௌக்கியத்துக்கும் ஆதாரமான அனுஷ்டானம் ஒன்று காலையில் நடக்கிறது. கையில் காப்பியோடும் முகத்தில் இளவெயிலோடும் உட்கார்ந்து, மினசோட்டாவிலிருக்கும் மகனைத் தொலைபேசியில் அழைத்து, "அங்கே பனி எத்தனை அடி?" என்று விசாரிப்பார். இரண்டடி, கார் புதைந்துவிட்டது, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை என்றால், "அடடா, பாவமே!" என்று சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு தேஜஸ் பரவி, அன்று முழுவதும் நாயைக்கூட அதட்டமாட்டார். "இன்றைக்கு இங்கேயும் நல்ல வெயில், அப்பா" என்று மகன் சொல்லிவிட்டாலோ, காப்பியில் சர்க்கரை போதவில்லையென்று அம்மாளிடம் குறைப்பட்டுக்கொள்வார்.