கல்லீரலுக்குக் கருமாதி

1653-ல் கோபன்ஹேகன் நகரத்தில் கல்லீரலுக்குக் கருமாதி நடந்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். தாமஸ் பார்த்தோலின் என்கிற பெரிய அனாட்டமி பேராசிரியர், கல்லறையில் வெட்டுகிற தோரணையில் கல்லீரலுக்கு ஒரு இரங்கல் வாசகம் எழுதி, அதைப் புத்தகத்தில் அச்சும் போட்டுவிட்டார். நம்ம ஊர் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். போட்டோ மட்டும் இல்லை.

இறந்தவர் செய்த பாவம் என்ன? ஒன்றுமே இல்லை. ரத்தம் தயாராகிற ஃபேக்டரி கல்லீரல்தான் என்று கேலன் என்கிற கிரேக்க வைத்தியர் எப்போதோ சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் பெரிய மனுஷர் ஆச்சே, 1,400 வருஷத்துக்கு எவரும் வாயைத் திறக்கவில்லை. 1651-ல் ழான் பெக்கே என்கிற பிரெஞ்சு இளைஞர் அச்சில் சொன்ன சேதி: நாயை அறுத்துப் பார்த்தால், குடலிலிருந்து கிளம்புகிற வெள்ளைச் சாரம் கல்லீரல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், நெஞ்சுக்குள் ஒரு குழாய் வழியாக நேரே ரத்தத்தில் போய்ச் சேருகிறது. பைபாஸ் ரோடு! பார்த்தோலின் அதோடு கல்லீரலுக்குப் பால் ஊற்றிவிட்டார். பித்தம் சுரக்கிற சில்லறை வேலையை மட்டும் போனால் போகிறதென்று விட்டுவைத்தார்.

கல்லீரலைப் பதவியிலிருந்து இறக்கிய அந்த பெக்கே என்ன ஆனார் தெரியுமா? சர்வ ரோகத்துக்கும் பிராந்திதான் மருந்து என்று நம்பி, அந்த மருந்தைத் தானே நிறையச் சாப்பிட்டு, அதனாலேயே 1674-ல் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. செத்ததாக அறிவிக்கப்பட்டவர் கணக்குத் தீர்த்த விதத்தைப் பாருங்கள்.

கல்லீரலின் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள், 1654-ல், பிரான்சிஸ் கிளிசன் என்கிற இங்கிலீஷ்காரர் கல்லீரலைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் கொண்டுவந்தார். 1666-ல் மால்பிகி என்கிற இத்தாலிய டாக்டர் ஒரு பூனைக்குட்டியின் பித்தப்பையைக் கட்டிவைத்துப் பார்த்து, பித்தம் ஊறுவது பையில் இல்லை, கல்லீரலில்தான் என்று காட்டினார். பை வெறும் கோடவுன். முதலாளி உயிரோடுதான் இருந்தார், நாம்தான் கோடவுன் வாசலில் நின்று விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் கல்லீரலின் மானத்தை முழுசாக மீட்டவர் ஒரு ஃபெயிலியர் நாடக ஆசிரியர். பெயர் கிளோட் பெர்னார். திராட்சைத் தோட்டக்காரர் மகன். மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு சரித்திர நாடகம் எழுதி, அதைத் தூக்கிக்கொண்டு பாரிசுக்கு வண்டி ஏறினார். கோடம்பாக்கத்துக்குக் கதை சொல்லப் போகிற கூட்டம் அந்தக் காலத்திலேயே உண்டு. படித்துப் பார்த்த விமர்சகர், தம்பி, டாக்டருக்குப் படியேன் என்றார். உலகத்திலேயே மிகவும் உருப்படியான சினிமா விமர்சனம் அதுதான்.

ஆராய்ச்சிக்குக் காசு? 1845-ல் ஒரு டாக்டர் மகளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். வந்த சீதனத்தில் லேப் ஓடியது. பெர்னார் நாய்களை அறுத்துக்கொண்டே இருந்ததில் அந்த அம்மாவுக்கு வெறுத்துப்போய், கடைசியில் பிரிந்துபோய், பிராணிவதை எதிர்ப்பு அணியில் சேர்ந்துவிட்டார். தன் சீதனத்தில் நடந்த ஆராய்ச்சியை எதிர்த்துத் தானே கொடி பிடித்த ஒரே மனைவி இவராகத்தான் இருக்கும்.

பெர்னாரின் பெரிய கண்டுபிடிப்புக்குக் காரணம் மேதைமை மட்டும் இல்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற குணமும்தான். கல்லீரலில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதென்று ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை அடுத்தடுத்து அளப்பார். ஒரு நாள் நேரமில்லை. இரண்டாவதை மறுநாளைக்குத் தள்ளிப்போட்டார். மறுநாள் பார்த்தால் சர்க்கரை கூடியிருக்கிறது! செத்த நாயின் கல்லீரல் ராத்திரியெல்லாம் ஓவர்டைம் பார்த்திருக்கிறது. அப்புறம் 1855-ல் ஒரு கல்லீரலைத் துளி சர்க்கரை இல்லாமல் தண்ணீர் விட்டு அலசி வைத்தார். விடிந்து பார்த்தால் மறுபடியும் சர்க்கரை. கிளைகோஜன் என்கிற சேமிப்புக் கணக்கு இப்படித்தான் பிடிபட்டது. 1878-ல் அவர் இறந்தபோது பிரான்ஸ் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. கல்லீரலுக்குக் கிடைத்த அஞ்சலியைவிட அதன் வக்கீலுக்குக் கிடைத்தது ரொம்ப கிராண்ட்.

பெர்னாரின் நாடுதான் அப்போது நம் புதுச்சேரியின் பாகூரையும் வில்லியனூரையும் ஆண்டுகொண்டிருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் கரிக்கலாம்பாக்கத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளானால் பாரிசுக்கா எழுதிக் கேட்பார்கள்? பக்கத்து வீட்டு அத்தை திண்ணையிலேயே கேஸை முடித்துவிடுவார்.

"இங்க வா மாப்ள, கண்ண காட்டு. ஐயய்ய, மஞ்சளா பூத்துருக்குதே! உப்பு, எண்ண எதையும் தொடாத. வரப்புல கீழாநெல்லி கெடக்கு, புடுங்கியாந்து அரைச்சு மோர்ல கலக்கித் தரேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன் அத்த."

"போ, யாரு வேணாம்னா? இத குடிச்சுட்டுப் போ."

கீழாநெல்லியை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாமல் மிதித்தும் இருப்பீர்கள். கணுக்கால் உயரம். கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகு சைஸில் காய்கள் வரிசை கட்டித் தொங்கும். இந்தச் செடி மோரில் இறங்கினால் மூன்று வாரத்தில் காமாலையும் இறங்கிவிடும். ஒரு சின்ன ரகசியம்: கெட்ட தண்ணீரில் வருகிற ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். கூட இருந்த மருந்துக்குத்தான் மாலை மரியாதை.

இதைக் கண்டுபிடித்துத் தொழிலாக்கியவர்கள் காமாலை மந்திரிக்கிறவர்கள். வந்தவர் கையில் மாமரப் பட்டைச் சாற்றை நைசாகப் பூசி, சுண்ணாம்புத் தண்ணீரை விட்டுக் கழுவுவார்கள். தண்ணீர் மஞ்சளாக வழியும். பாத்தியா, காமாலை எறங்குது என்பார்கள். பட்டையில் உள்ள சத்து சுண்ணாம்போடு சேர்ந்தால் யார் கையிலும் மஞ்சள்தான் வழியும், மந்திரிக்கிறவர் கை உட்பட. கெமிஸ்ட்ரி பிராக்டிகலை இவ்வளவு பக்தியோடு வேறு எங்கும் செய்வதில்லை.

ஆனால் அத்தையின் மோர் டம்ளர் அமெரிக்கா வரைக்கும் போனது. பாரூக் ப்ளம்பெர்க் என்றொருவர். ஹெபடைட்டிஸ் பி வைரஸை அடையாளம் கண்டதற்காக 1976-ல் நோபல் பரிசு பங்கு வாங்கியவர். பிற்பாடு வேற்றுக்கிரக உயிர் தேடும் நாசாவின் ஆராய்ச்சிக் கழகத்துக்குத் தலைவரானவர். அவருடைய பிலடெல்பியா லேபில் நம் கீழாநெல்லியை, வுட்சக் என்கிற கொழுத்த தரை அணில்களுக்கு ஊசி வழியே ஏற்றினார்கள். அந்தப் பிராணிக்கும் அதே ஜாதி வைரஸ் வரும். 1987-ல் வெளியான கட்டுரையில் நல்ல சேதி: சில வுட்சக்குகளுக்கு வைரஸ் அடங்கியது. மோர் இல்லாமலே.

அடுத்த வருஷம் நம் முறை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, மனுஷர்களிடம் சோதித்து லான்செட் பத்திரிகையில் எழுதியது. ஹெபடைட்டிஸ் பி வைரஸை வெகுநாளாகச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள். சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து காணாமல் போனது. வெத்து மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். 59 சதவீதத்துக்கு 4 சதவீதம்! வரப்புச் செடி லான்செட்டில்! அத்தைக்குத் தெரிந்திருந்தால் டம்ளருக்குக் காசு கேட்டிருப்பார்.

அப்புறம் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். வைரஸ் அசையவில்லை. நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் அசையவில்லை. செடியின் ரகம் வேறு, மண் வேறு, வைரஸ் வேறு என்று ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். அதில் ஏதாவது நிஜமாகவும் இருக்கலாம். மனுஷன் பரீட்சையில் தோற்ற கீழாநெல்லி, எலி பரீட்சையில் மட்டும் டிஸ்டிங்ஷன்.

அது ஒரு தனி உலகம். நம் ஃபார்மசி கல்லூரிகளில் செட் ஃபார்முலா: எலிக்கு கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துக் கல்லீரலைக் கெடு. பிறகு ஏதாவது ஒரு இலைச் சாற்றைக் கொடு. ஒப்பிட சிலிமரின் என்கிற மருந்து. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் டெஸ்ட் எண்கள் இறங்கின என்று தீசிஸ் எழுது. தோற்றுப்போன இலையைப் பற்றிய தீசிஸைப் பார்ப்பது மட்டும் அபூர்வம். எலி கையெழுத்துப் போட முடியாதது எவ்வளவு வசதி!

தப்பான முடிவுக்குப் பாராட்டு கிடைப்பது பெரிய இடங்களிலும் உண்டு. பித்த அமிலங்களின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக ஹைன்ரிக் வீலாண்டுக்கு 1927-ம் ஆண்டுக்கான கெமிஸ்ட்ரி நோபல். 1932-ல் எக்ஸ்ரே படம் வந்து பார்த்தால் அமைப்பு தப்பு. திருத்திய அமைப்பை அவரும் ஏற்றுக்கொண்டு மேலே வேலையைப் பார்த்தார். பரிசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

சரி, மாப்பிள்ளை மோரையும் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரே, அவருடைய ரிப்போர்ட் வந்துவிட்டது. பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிரூபினுக்கு டோட்டல், டைரக்ட், இன்டைரக்ட் என்று மூன்று வரி. டைரக்ட் ஏறினால் கோளாறு கல்லீரலிலோ பித்தக் குழாயிலோ. இன்டைரக்ட் மட்டும் ஏறினால் ரத்தம் உடைகிறதா என்று பார்ப்பார்கள். இந்தப் பிரிவினை ஹைமான்ஸ் வான் டென் பெர்க் என்கிற டச்சு டாக்டரும் அவருடைய சகா முல்லரும் 1916-ல் செய்தது. அந்த டெஸ்ட்டில் ஆல்கஹால் ஊற்றினால்தான் நிறம் வரும் என்பது விதி. ஒரு தடவை ஊற்ற மறந்துவிட்டார்கள். அப்படியும் நிறம் வந்துவிட்டது! ஆல்கஹால் இல்லாமல் நேரடியாக வந்தது டைரக்ட், ஊற்றினால்தான் வந்தது இன்டைரக்ட். ஏன் அப்படி என்று விளங்க 1956 வரைக்கும் 40 வருஷம் பிடித்தது.

ஆல்கஹால் ஊற்ற மறந்ததால் நடந்த கண்டுபிடிப்பு. சாராயக் கடை, கள்ளுக்கடை, பிராந்திக் கடை மூன்றுக்கும் லைசென்ஸ் கொடுத்து வைத்திருக்கிற புதுச்சேரியில் இது சத்தியமாக நடந்திருக்காது.