துறையூரில் ஒரு குதூகலக் கால்பந்துப் பயிற்சி: பெரியவர்களுக்கான வழிகாட்டி

கோடை விடுமுறை வந்ததும், பிள்ளைகள் செல்போனே கதியென்று கிடக்கிறார்களே என்ற கவலை ஊருக்கு நாலு பேருக்குப் பிறக்கும். கவலை முற்றினால் பயிற்சி முகாம். துறையூரில் அப்படியொரு கால்பந்து முகாம் நடத்த நினைக்கும் பெரியவர்கள் கீழே சொன்னபடி செய்தால் போட்டோ நன்றாக வரும், பேப்பரில் பெயர் வரும், பந்தும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும்.

1. நேரம் குறித்தல்

மே மாத வெயிலுக்குக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் சிறப்பு விருந்தினர் திருச்சியிலிருந்து வர வேண்டும். சுமார் 45 கிலோமீட்டர். அவர் டிபன் முடித்துப் புறப்பட்டு வந்து சேர்வதற்குள் பெருமாள்மலைப் பக்கம் வெயில் தகிக்கும். அதுவரை பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கட்டும். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை. மேடைக்கு மட்டும் தண்ணீர் பாட்டில் போதும்.

2. பந்து வாங்குதல்

எட்டு வயதுக்குக் கீழ் 3-ஆம் எண் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை 4-ஆம் எண் என்பது பொதுவான வழக்கம். கண்டுகொள்ளாதீர்கள். டி.வி.யில் வருவது 5-ஆம் எண்: சுற்றளவு 68–70 செ.மீ., எடை 410–450 கிராம். ஏழு வயதுப் பிள்ளை அதை ஓங்கி உதைத்தால் பந்து நகராது, பிள்ளை நகரும்.

பந்து ஒன்றே போதும். 20 பிள்ளைகள், 60 நிமிடம், ஒரு பந்து என்றால் கணக்குப்படி ஆளுக்கு 3 நிமிடம். பந்து வேலிக்குள் போய்த் தேடிய நேரமும், பெரிய பையன்கள் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்ட நேரமும் போக, சின்னவனுக்கு அரை நிமிடம் கிடைத்தால் அவன் ஜாதகம் நல்ல ஜாதகம். இரண்டாவது பந்துக்கான பணத்தில் ஃபிளெக்ஸ் அடியுங்கள். சீமைக்கருவேல முள் குத்தினாலும் ஃபிளெக்ஸில் காற்று இறங்காது.

3. வார்ம் அப்

கிரவுண்டைப் பத்து ரவுண்டு, பந்தில்லாமல். ஆளுக்கொரு பந்தை உருட்டிக்கொண்டே அடுத்தவன் பந்தைத் தட்டிவிடும் விளையாட்டு வைத்தாலும் உடம்பு சூடாகும், காலும் பழகும். ஆனால் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தால் ஒழுங்கு கெடும். “பந்து எப்ப சார் குடுப்பீங்க?” என்று எவனாவது கேட்டால் அவனுக்கு மட்டும் இன்னும் இரண்டு ரவுண்டு. அதன்பின் எவனும் கேட்க மாட்டான்.

4. வரிசை

ஒரே கோல் போஸ்ட். எதிரே நீண்ட வரிசை. ஒருவன் அடிப்பான், ஒருவன் தடுப்பான், பதினெட்டுப் பேர் நிற்பார்கள். நிற்பவர்கள் முன்னால் நிற்பவன் பனியனை இழுப்பார்கள், எறும்புப் புற்றைக் கிளறுவார்கள், கட்டிப் புரள்வார்கள். கால்பந்துச் செலவில் மல்யுத்தமும் கற்றாயிற்று.

கூட்டம் கைதட்ட வேண்டுமென்றால் பந்தை உயரே எறிந்து தலையால் முட்டச் சொல்லுங்கள். 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் முட்டக் கூடாதென்று அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015-இலேயே அறிவித்துவிட்டது. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாமென்று இங்கிலாந்துச் சங்கம் 2020-இல் சொன்னது. அவர்களுக்கு வளரும் மூளை பற்றிய கவலை. நம் பிள்ளைகளின் மூளை டியூஷன் நேரத்தில் மட்டும் பத்திரமாக இருந்தால் போதாதா?

5. பெண் பிள்ளைகள்

ஸ்கோர் எழுதவும், பையன்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளவும் ஓரமாக உட்கார வையுங்கள். தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-இலும் 2023-இலும் வென்ற செய்தி அவர்கள் காதுக்குப் போகக் கூடாது. கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியதும், காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனதும் அறவே கூடாது. தெரிந்தால் பூட்ஸ் கேட்பார்கள். பிறகு பந்தும் கேட்பார்கள்.

6. அப்பாக்கள்

கோட்டுக்கு வெளியே நெருக்கமாக நிறுத்துங்கள். ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்கு மட்டும் கோச். “பாஸ் குடுடா!” என்று ஒருவர் கத்தும்போதே “நீயே அடிடா!” என்று பக்கத்திலிருந்து சித்தப்பா கத்துவார். பிள்ளை நின்று இரண்டு முகத்தையும் பார்க்கும். பந்து போய்விடும். மிச்சப் பயிற்சி, வீடு திரும்பும் வழியில் பைக்கில் நடக்கும்.

7. முக்கிய எச்சரிக்கை

நடுவில் டீ குடிக்கப் போகாதீர்கள். நீங்கள் தலை மறைந்ததும் பிள்ளைகள் மூன்று மூன்று பேராகப் பிரிந்துவிடுவார்கள். எட்டுச் செருப்பை வைத்து நான்கு குட்டி கோல் போடுவார்கள். செருப்புக்குக் காவலிருந்தவளும் உள்ளே இறங்கிவிடுவாள். வரிசை கிடையாது, ரவுண்டு கிடையாது. அரை நிமிடக்காரனும் கோல் அடித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிச் சுற்றுவான்.

மூவருக்கு மூவர், நான்கு சிறு கோல் என்ற இதே ஆட்டத்துக்கு ‘ஃபுனினோ’ என்று பெயர் வைத்து உலகமெங்கும் பரப்பியவர் ஜெர்மானியப் பயிற்சியாளர் ஹார்ஸ்ட் வைன். நான்கு முறை உலகக் கோப்பை வென்ற ஜெர்மனி, 2024–25 பருவத்திலிருந்து தன் குட்டிப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிச் சிற்றணி ஆட்டங்களைக் கட்டாயமாக்கியது. புள்ளிப் பட்டியலையும் தூக்கிவிட்டது. ஆள் குறைந்தால் பந்து அடிக்கடி காலுக்கு வரும், கோலும் எல்லோருக்கும் விழும் என்பது அவர்கள் கணக்கு.

துறையூர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. இப்படியே விட்டால் பெரியவர்கள் இல்லாமலே கற்றுக்கொண்டுவிடுவார்கள். ஆகவே டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து விசில் ஊதுங்கள். கோல் போஸ்டையெல்லாம் காலில் மாட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். சான்றிதழ் வாங்க வரிசையில் நிற்க வேண்டாமா?